கடல் கடந்த பட்டம்

மக்கள் தொழிலின் பொருட்டு நாடு விட்டு நாடு செல்லுதல் புதிதன்று. பண்டைக் காலத்தில் கலமேறிச் சென்ற தமிழர் மிளகும் முத்தும் துகிலும் கொண்டு சென்றனர். அப்பொருள்களின் தன்மையைப் பிறநாட்டார் கண்ணாற் கண்டனர், கையால் தொட்டனர், நாவாற் சுவைத்தனர். மிளகு மிளகே என்பதற்கு எவரும் சான்றிதழ் கேட்டிலர். இந்நாளில் கடல் கடந்து செல்லும் இளைஞர் கொண்டு செல்லும் பொருளோ கல்வி. அது கண்ணுக்குப் புலனாவதன்று, கைக்கு அகப்படுவதுமன்று. அதற்கு அடையாளமாக அவர்தம் பெட்டியில் இருப்பது ஒரு தாளே. அதனைப் பட்டம் என்கிறோம். அதனை வழங்கிய பல்கலைக்கழகத்தை நாம் அறிவோம். அதன் முத்திரையை மதிக்கிறோம். ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு மேசைமுன் அமர்ந்திருக்கும் அலுவலர் அதனை எங்ஙனம் அறிவார்? நம் ஊர்ச் சந்தையில் செல்லும் ரூபாய் நாணயம் பிறநாட்டுச் சந்தையில் அப்படியே செல்வதில்லை. அதனை மாற்றித்தான் பெறல் வேண்டும். பட்டமும் அத்தகையதே.

இப்பொருள்பற்றி எழுதத் தமிழாசிரியனாகிய எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம். யான் புலவர் வகுப்பிற் பயின்றவன். நன்னூலும் தொல்காப்பியமும் பாடம் கேட்டு, முப்பத்து மூன்று ஆண்டுகள் பள்ளியிற் பணிபுரிந்து ஓய்வு பெற்றவன். கடல் கடந்ததும் இல்லை. ஆயினும், ஒரு பட்டம் மற்றொரு பட்டத்துக்கு ஒப்பாகுமா என்னும் வினாவைத் தமிழ்ப் புலவர் நன்கு அறிவர். என் ஆசிரியர் தலைமுறையில், ஆழ்ந்த புலமையுடைய தமிழாசிரியர்க்கு ஏனைய பாட ஆசிரியரினும் குறைந்த ஊதியமே கிடைத்தது. அவர் கற்ற நூல்கள் குறைந்தன அல்ல. அவர்தம் பட்டத்தை அளக்கும் கோல்தான் வேறாக இருந்தது. எனவே, அயல்நாட்டில் தம் பட்டம் ஏற்கப்படவில்லை என்று என் பழைய மாணவர் வருந்தி எழுதும்போது, அவ்வருத்தம் எனக்குப் புதிதாகத் தோன்றுவதில்லை.

அவ்வாறு எழுதியவருள் ஒருத்தி செவிலிப்பெண். நம் மாநிலத்தில் நான்காண்டு பயின்று செவிலியர் பட்டம் பெற்றாள். பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்றாண்டு பணி செய்தாள். பின்பு ஜெர்மனி நாட்டிற் பணிபுரிய விரும்பினாள். அந்நாட்டில் முதியோர் தொகை பெருகி வருகிறது. அவர்களைப் பேணும் செவிலியர் போதிய அளவில் இல்லை. ஆதலின் அங்கே வேலைக்குக் குறைவில்லை என்பது உண்மை. ஆனால், வேலை இருப்பதும் அவ்வேலையைச் செய்யும் உரிமை இருப்பதும் ஒன்றல்ல என்பதை அவள் விரைவில் அறிந்தாள்.

தொழில்கள் இருவகைப்படும். ஒருவகைத் தொழிலுக்கு வேலை தருவோர் மனநிறைவு கொண்டாற் போதும். கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர், விற்பனைத் துறையினர் முதலியோர் இவ்வகையினர். மற்றொரு வகைத் தொழிலுக்கு அரசின் உரிமமோ, அரசு அமைத்த மன்றத்தின் உரிமமோ இன்றியமையாதது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், பள்ளி ஆசிரியர், வழக்கறிஞர் ஆகியோர் பெரும்பாலான நாடுகளில் இவ்வகையைச் சார்ந்தவர். இவர் தவறு செய்தால் பிறர் உயிரோ உரிமையோ கெடும். நம் பட்டத்துக்கு உரிய தொழில் இவ்விரண்டுள் எவ்வகையைச் சார்ந்தது என்பதே அயல்நாடு செல்ல நினைப்பவர் முதலில் அறிய வேண்டுவது. இதனை அறியாது விமானம் ஏறியவர் பலர்.

ஜெர்மனி நாட்டில் 2012ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்களில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பிறநாட்டில் தொழிற்கல்வி பெற்ற எவரும், அவர் எந்நாட்டுக் குடிமகனாயினும், தம் தகுதியை அந்நாட்டுத் தகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்குமாறு கேட்கும் உரிமையை அச்சட்டம் வழங்கிற்று. அங்ஙனம் ஒப்பிட்டபின் வரும் விடை மூன்றாக இருக்கலாம். தகுதி முழுதும் ஒத்தது எனலாம், ஒவ்வாதது எனலாம், இன்னின்ன பகுதி குறைகிறது, அதனை நிறைவு செய்தால் ஏற்போம் எனலாம். நம் நாட்டிலிருந்து செல்லும் செவிலியர் பெரும்பாலோர்க்கு வருவது மூன்றாம் விடையே. குறையை நிறைவு செய்ய அவர்க்கு இரு வழிகள் உண்டு. ஒன்று, மருத்துவமனையில் பணியோடு கூடிய பயிற்சி பெறுதல். மற்றொன்று, அறிவுத் தேர்வொன்றில் வாய்மொழியாக விடையளித்தும் செய்து காட்டியும் தேறுதல்.

என் மாணவி முதலில் மொழி கற்றாள். ஐரோப்பிய மொழித்திறனை ஆறு படிகளாக வகுத்துள்ளனர். செவிலியர் பொதுவாக நான்காம் படியை எட்டுதல் வேண்டும். மருத்துவர்க்கோ அதற்கு மேலும் மருத்துவ மொழியில் தனித்தேர்வு உண்டு. அவள் ஓராண்டுக்கு மேல் அம்மொழியைக் கற்றாள். ஐயம் எழும்போதெல்லாம் எனக்கு எழுதுவாள். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. எனினும் இலக்கணம் தெரியுமாதலின் அவள் கடிதங்களை ஆவலோடு படித்தேன்.

“ஐயா, இம்மொழியில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி ஒன்றன்பால். சிறுமியைக் குறிக்கும் சொல்லும் ஒன்றன்பாலே! உயர்திணை அஃறிணை எனப் பகுத்தறிந்து பால் கூறும் நமக்கு இது விளங்கவில்லை” என்று ஒருமுறை எழுதினாள். மற்றொரு முறை, “நம் மொழியில் வேற்றுமை எட்டு, இவர்க்கு நான்குதான். ஆனால் அந்நான்கே என்னை அலைக்கழிக்கின்றன” என்றாள். பின்னொரு நாள் மகிழ்ச்சியோடு எழுதினாள்: “இம்மொழியில் காரணம் கூறும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் இறுதிக்குச் சென்றுவிடுகிறது. ஆங்கிலம் மட்டும் அறிந்த தோழியர் இங்கே இடர்ப்படுகின்றனர். எனக்கோ இது தாய்மொழி வழக்கம்போல் எளிதாக வந்தது.” பள்ளியிற் கற்ற தமிழிலக்கணம் எந்நாட்டில் எப்பயன் தரும் என்பதை யாரே முன்னறிந்து கூற வல்லார்?

மொழித் தேர்வில் தேறினாள். சான்றிதழ்களை மொழிபெயர்ப்பித்து அனுப்பினாள். நாடு சென்று சேர்ந்தாள். விடை வந்தது. அவள் நான்காண்டில் ஒவ்வொரு பாடத்தையும் எத்தனை மணிநேரம் கற்றாள் என்பதைக் கணக்கிட்டு, அங்குள்ள பாடத்திட்டத்தோடு ஒப்பிட்டு, குறைந்த பகுதிகளை வரிசையாக எழுதியிருந்தனர். அக்குறை தீரும்வரை செவிலி என்னும் பெயரோடு அவள் பணி செய்தல் இயலாது. உதவியாளராகவே பணிபுரிதல் வேண்டும் என்பது முடிவு.

அந்நாளில் அவள் எழுதிய கடிதம் நீண்டது. “ஐயா, இங்குள்ள செவிலியர் பலர் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சி பெற்றவர். யான் நான்காண்டுப் பட்டம் பெற்றவள். உயிருக்குப் போராடும் நோயாளர்க்கு மூச்சுக் கருவி பொருத்தும் இடத்தில் நின்றவள். இங்கே முதியவர்களைக் குளிப்பாட்டவும், பல் துலக்கிவிடவும், உணவு ஊட்டவும் கற்க வேண்டும் என்கின்றனர். நம் ஊரில் இவற்றை நோயாளியின் உறவினர் செய்வர். இல்லையேல் ஆயா செய்வார். இதற்காகவா யான் இத்துணைத் தொலைவு வந்தேன்? திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றுகிறது.”

யான் உடனே விடை எழுதவில்லை. இரண்டு நாள் அதனைப் பற்றியே எண்ணினேன். அவள் துன்பத்தில் உண்மை உண்டு. அந்நாட்டார் கேட்பதிலும் நியாயம் உண்டு. அந்நாட்டு மருத்துவமனையில் நோயாளியின் அருகே உறவினர் இரவும் பகலும் தங்குவதில்லை. தாயைக் குளிப்பாட்ட மகள் அங்கே இல்லை. தந்தைக்கு ஊட்ட மகன் இல்லை. அவ்விடத்தை நிரப்புபவள் செவிலியே. குளிப்பாட்டும்போதுதான் அவள் முதியவரின் தோலிற் புண் தொடங்குவதைக் காண்கிறாள். ஊட்டும்போதுதான் விழுங்குவதற்கு அவர் இடர்ப்படுவதை அறிகிறாள். நம் நாட்டில் உறவினர் கைக்கு உரியதான வேலை அந்நாட்டில் ஒரு கலையாக வளர்ந்துள்ளது. அதனைக் கற்றல் இழிவன்று.

ஆனால், இதனை மட்டும் எழுதினால் அறிவுரையாக முடியும். துன்பத்தில் இருப்பவர்க்கு அறிவுரையினும் துணை வேண்டும். ஆகவே அவளுக்கு ஒருவர் வரலாற்றைத் துணையாக எழுதி அனுப்பினேன்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895ஆம் ஆண்டு ஆந்திர நாட்டுப் பீமாவரத்திற் பிறந்தவர். சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில் பள்ளியிறுதித் தேர்வில் தேறியவர். பின்பு சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். விடுதலை இயக்கத்தில் ஈடுபாடு கொண்டு கதராடை அணிந்தார். அதனைப் பொறாத ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானமையால், எம்.பி.பி.எஸ். பட்டம் அவருக்குக் கிடைக்கவில்லை. அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. 1923ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரம் சென்று, ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பமண்டல மருத்துவம் பயின்றார். சென்னையிற் பெற்ற பட்டம் அங்கே மருத்துவத் தொழில் செய்ய உதவவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக அவர் மருத்துவமனை ஒன்றில் இரவுநேரக் கடைநிலைப் பணியாளராக வேலை செய்தார். மருத்துவம் கற்றவர், மருத்துவமனையிலேயே ஏவலராக நின்றார்.

அவர் சோர்ந்து திரும்பவில்லை. 1925ஆம் ஆண்டு பிஸ்க் என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, உடல் நீர்மங்களில் பாஸ்பரசை அளக்கும் முறையொன்றை வெளியிட்டார். உயிர்வேதியியலில் அம்முறை அவ்விருவர் பெயராலேயே வழங்கலாயிற்று. தசைகளின் ஆற்றலுக்கு அடிப்படையான பொருள்களைப் பற்றியும் ஆராய்ந்தார். 1930ஆம் ஆண்டு ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். இத்துணை இருந்தும் அவருக்கு அங்கே நிலையான பதவி கிட்டவில்லை. 1940ஆம் ஆண்டு லெடர்லே மருந்து ஆய்வகத்துக்குச் சென்று, அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். குருதிச்சோகைக்கு மருந்தாகும் போலிக் அமிலத்தைச் செயற்கையில் ஆக்கியதும், யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவைக் கொல்லும் மருந்தைக் கண்டதும் அவர் வழிநடத்திய குழுவினரே. 1948ஆம் ஆண்டு அவர் மறைந்தார். யானைக்கால் நோய்க்கு நம் ஊர்களில் அரசு வழங்கும் மாத்திரையை உண்டவர் பலர். அதன்பின் நின்றவர் ஒருகால் ஏவலராக நின்றவர் என்பதை அறிந்தவர் சிலரே.

“அம்மா, சுப்பாராவ் செய்த இரவுவேலை அவர் கற்ற கல்வியைக் குறைத்துவிடவில்லை. நீ குளிப்பாட்டும் வேலையும் உன் கல்வியைக் குறைக்காது. ஆனால் திரும்புவதா, தங்குவதா என்பதை நீயே முடிவு செய். எம்முடிவு கொண்டாலும் நீ என் மாணவியே” என்று எழுதி முடித்தேன். அவள் தங்கினாள். ஏறத்தாழ ஓராண்டுப் பயிற்சிக்குப்பின் உரிமம் பெற்றாள்.

இவ்விடத்தில் ஒன்று கூறுதல் வேண்டும். பட்டத்தை ஆராயும் வாயில்கள் யாவும் நேர்மையானவை என்று யான் கருதவில்லை. “உனக்கு இவ்வேலை தெரியுமா?” என்று கேட்பது நேர்மை. “இவ்வேலையை நீ எங்கள் நாட்டிலேயே முன்பு செய்ததுண்டா?” என்று கேட்பது நேர்மையன்று. நாட்டுக்குப் புதிதாக வந்தவர் அந்நாட்டில் முன்பே பணிசெய்திருத்தல் எங்ஙனம் கூடும்? நீந்தத் தெரிந்தபின் ஆற்றில் இறங்கு என்பது போன்றது அது. இலங்கையில் 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கனடா நாட்டிற் குடியேறிய தமிழருள் ஆசிரியரும் பொறியாளரும் கணக்காளரும் இருந்தனர். அவருட் பலர் தம் தொழிலை விட்டு, உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் கிடைத்த வேலையைச் செய்து மக்களை வளர்த்தனர். அந்நாட்டின் ஒன்ராறியோ மாகாண மனித உரிமை ஆணையம் 2013ஆம் ஆண்டு, கனடா நாட்டு அனுபவத்தைக் கட்டாயமாகக் கேட்பது முதற்பார்வையிலேயே பாகுபாடாகும் என்று அறிவித்தது. 2023ஆம் ஆண்டு அம்மாகாணத்துப் பொறியாளர் மன்றம் தன் உரிமத்துக்கு அந்நிபந்தனையை நீக்கிற்று. அதற்குள் ஒரு தலைமுறை முதுமை எய்திவிட்டது. எனினும், நேர்மையற்ற வாயிலும் பலர் தொடர்ந்து தட்டினால் திறக்கும் என்பதற்கு அது சான்று.

பிறநாட்டாரை மட்டும் குறை கூறுதலும் நமக்கு அழகன்று. நம் நாடும் அயற்பட்டத்தை ஆராய்ந்தே ஏற்கிறது. வெளிநாட்டில் மருத்துவம் பயின்று திரும்பும் நம் மாணவர்க்கு 2002ஆம் ஆண்டு முதல் தகுதித்தேர்வு நடைபெறலாயிற்று. அதில் தேறாதவர் தொகை தேறியவர் தொகையினும் பலமுறை மிகுந்தே இருந்தது. ஓர் ஏற்பு என்றென்றும் நிலைப்பதும் இல்லை. நம் மருத்துவப் பட்டங்களை நெடுங்காலம் ஏற்றுவந்த பிரிட்டானிய மருத்துவ மன்றம் 1975ஆம் ஆண்டு அவ்வேற்பை விலக்கித் தேர்வு முறையைக் கொண்டுவந்தது. மறுபுறம், பொறியியற் கல்வியை ஒருவர்க்கொருவர் ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் 2014ஆம் ஆண்டு இந்தியா முழு உறுப்பு நாடாயிற்று. அதன் பயனும் எல்லாக் கல்லூரிக்கும் உரியதன்று. உரிய தரச்சான்று பெற்ற படிப்புக்கே உரியது. ஆகவே, கல்லூரியின் கட்டடத்தைப் பார்த்துச் சேராமல், அங்கே தாம் சேரும் படிப்பின் தரச்சான்றைப் பார்த்துச் சேர்தல் நன்று.

என் பக்கத்துத் தெருவில் ஓர் இளைஞர் இருந்தார். தந்தையார் நிலத்தை அடகு வைத்து, ஒரு முகவர் சொல்லை நம்பி, மகனை அயல்நாட்டுக் கல்லூரி ஒன்றுக்கு அனுப்பினார். பட்டம் கிடைத்தது. அப்பட்டத்தை அதற்கு அடுத்த நாட்டிலும் ஏற்பாரில்லை. நம் நாட்டிலும் ஏற்பாரில்லை. ஜெர்மனி போன்ற நாடுகள் எந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்புடையது, எது ஏற்புடையதன்று என்பதை இணையத்தில் எவரும் காண வைத்துள்ளன. கால்மணி நேரம் அதனைப் பார்த்திருந்தால் அந்நிலம் இன்றும் அக்குடும்பத்திடம் இருந்திருக்கும்.

மாணவர்காள்! நீங்கள் கடல் கடந்தாலும் கடவாவிட்டாலும் சிலவற்றை இன்றே மனத்திற் கொள்ளலாம். உங்கள் பெயர் எல்லாச் சான்றிதழிலும் ஒரே வகையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுகிறோம். அயல்நாட்டாரோ குடும்பப் பெயர் கேட்கின்றனர். பள்ளிச் சான்றில் ஒரெழுத்தும், பட்டத்தில் விரித்த பெயரும், கடவுச்சீட்டில் வேறொரு வரிசையும் இருப்பின், மூவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கத் திங்கள் பல கழியும். கல்லூரியை விட்டு நீங்கும்போது மதிப்பெண் பட்டியலோடு, பாடத்திட்டத்தின் விளக்கத்தையும் பாட நேரங்களின் கணக்கையும் கேட்டுப் பெற்றுக் கொள்ளுங்கள். பத்தாண்டுக்குப் பின் அவற்றைத் தேடுதல் அரிது. செல்லும் நாட்டின் மொழியைச் செல்லுமுன்னரே கற்கத் தொடங்குங்கள். முகவர் வாயாற் கேட்டதை அந்நாட்டு அரசின் வாயாலும் கேட்டுத் தெளியுங்கள்.

இவை யாவும் தாள்பற்றியவை. தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டுவது ஒன்றுண்டு. தேர்வுக்கு முதல்நாள் படித்து மறுநாள் மறக்கும் கல்வி, தாளைத் தரும். மீண்டும் ஒருவர் கேட்கும்போது விடை தராது. அயல்நாட்டு வாயிலில் நிற்பவரை நோக்கி அந்நாடு கேட்பது ஒன்றே: “நீ கற்றதை மறுபடியும் காட்டுவாயா?” உண்மையாகக் கற்றவர்க்கு இவ்வினா துன்பம் தரலாம்; அச்சம் தராது. பொன்னை உரைகல்லில் எத்துணை முறை தேய்த்தாலும் அதன் மாற்றுக் குறைவதில்லையன்றோ?

என் மாணவி இப்பொழுது, அதற்குரிய பயிற்சியும் பெற்று, புதிதாக வரும் செவிலியர்க்கு வழிகாட்டும் பணியில் இருக்கிறாள். கேரள நாட்டினரும் பிலிப்பைன்ஸ் நாட்டினரும் அவளிடம் வருகின்றனர். அவர்தம் முதல் நாளில், படுத்த படுக்கையாய் இருக்கும் முதியவர் ஒருவரை நோகாமல் திருப்பிப் படுக்க வைப்பது எப்படி என்பதைத்தான் கற்பிப்பாளாம். “அவர்கள் முகத்தில் அன்று என் முகத்தில் இருந்த வாட்டத்தைக் காண்கிறேன், ஐயா. யானும் இங்கேதான் தொடங்கினேன் என்று சொல்வேன். அதன்பின் அவர்கள் கை தயங்குவதில்லை” என்று அண்மையில் எழுதியிருந்தாள்.